ஜெபமணி வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சோறு

என் கையெழுத்தை முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபத்து மூன்று வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவன் நான். என் வரி ஒரு பக்கம் மேலே ஏறும், மறுபக்கம் வரப்பிலிருந்து சறுக்குகிறவன் மாதிரி கீழே இறங்கும். இதை மூன்று நாளாக எழுதுகிறேன். விரல் வலித்தால் பேனாவை வைத்துவிட்டு, எழுதினதைத் திரும்பப் படிக்கிறேன். நான் எழுதினதை நானே படிக்க முடிகிறது என்பதில் எனக்கு உண்டாகும் சந்தோஷத்தைத் துக்கம் எழுதும் இடத்தில் சொல்லலாமா என்று தெரியவில்லை. ஆனாலும் இருக்கிறது. மாலை வகுப்புக்குப் போய் வந்த நோட்டை ஜெபமணி ஒரு நாள் வாங்கிப் பார்த்தாள். "என்னண்ணே, எழுதுறீங்களா, ஏர் ஓட்டுறீங்களா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, கடைசிப் பக்கம் வரை பார்த்துத்தான் கொடுத்தாள்.

இந்தத் தாள்களைக் கோயில் முகப்பில் இருக்கும் பலகையில் குத்தி வைப்பதாகப் போதகர் சொல்லியிருக்கிறார். பெரும்பாலும் அவளை அறிந்தவர்கள்தான் படிப்பீர்கள். அதனால் அவளைப் பற்றிப் பெரிதாக எதுவும் சொல்லப் போவதில்லை. எனக்கு விளங்காத சிலவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

அன்று புதன்கிழமை. வாய்க்காலில் முந்தின நாள்தான் புதுத் தண்ணீர் வந்திருந்தது. நான் கோயில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். முப்பது வருஷமாக இங்கே மணியடிக்கிறவன் நான்தான். தையல்கடை காதர் பாய் சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே வந்தார்.

"அண்ணே, மணி அடிக்கணும்."

"இன்னிக்கு என்ன பாய்? புதன்கிழமைதானே?"

"துக்க மணிண்ணே."

"யாருக்கு?"

அவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். பிறகு, "நம்ம ஞாயித்துக்கிழமை போச்சுண்ணே" என்றார்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தேன். போய்க் கயிற்றைப் பிடித்தேன். எத்தனை முறை இழுத்தேன் என்று நினைவில்லை. போதகர் வந்து என் மணிக்கட்டைப் பிடித்து, "போதும் பெரியவரே, ஊருக்கே தெரிஞ்சிடுச்சு" என்றார்.

பாய் ஏன் அப்படிச் சொன்னார் என்பது வெளியூரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. ஜெபமணி நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவள். ஓய்வு பெற்ற பிறகும் அவளால் சின்னப் பாத்திரத்தில் சமைக்க முடியவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவள் வீட்டில் நாலு பேருக்குச் சோறு. நான் ஒருவன். பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த செல்லையா சார் ஒருவர். அவளுடைய பக்கத்துக் கடைக்காரரான காதர் பாய். எதிர்வீட்டு மங்களத்தம்மாள். நாலு பேரும் நாலு விதமாகத் தனிக்கட்டை. ஆறு வருஷமாக இந்தச் சோறு நிற்கவில்லை. அவள் போன பிறகு இது நிற்கப் போகிறதா, இல்லையா என்பதுதான் இப்போது எங்கள் முன் இருக்கிற காரியம்.

அந்தச் சோறு பிடி அரிசியில் ஆனது. நம் சபையில் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைப் பையில் கொண்டுவந்து கோயில் அண்டாவில் கொட்டுவார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அண்டாவில் விழுந்த அரிசி யாருக்கும் ஆகாது என்பதும் தெரியும். ஒரு வீட்டில் புழுங்கல், ஒரு வீட்டில் பச்சை, ஒரு வீட்டில் ரேஷன் அரிசி, மகன் துபாயில் இருக்கிற வீட்டில் பொன்னி. எல்லாம் கலந்து கிடக்கும். ஒன்று குழையும்போது இன்னொன்று பல்லில் கல்லாகத் தட்டும். கோழிக்குத்தான் லாயக்கு என்பார்கள். அதை வாரா வாரம் காணிக்கை கொடுத்து எடுத்துப் போனவள் ஜெபமணி.

"இதை என்னம்மா பண்ணுவே?" என்று முதல் தடவை நான் கேட்டேன்.

"உடைச்சிடுவேன். உடைஞ்ச பிறகு எந்த வீட்டு அரிசின்னு அதுக்கே தெரியாதுண்ணே."

இதைப் போதகர் ஒரு பிரசங்கத்தில் சொல்லியிருந்தால் நாமெல்லாம் தலையசைத்திருப்போம். அவள் முறத்தைத் தட்டிக்கொண்டே சொன்னதால் நான் சிரித்துவிட்டேன். இப்போது நினைத்தால் எது பிரசங்கம், எது சமையல் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

என் மனைவி சாராள் இறந்த பிறகு அவளுடைய பிடி அரிசிப் பானையை நான் விடவில்லை. சமைக்கத் தெரியாதவன், இருந்தாலும் தினம் ஒரு வேளை பொங்கி, அதற்கு முன் ஒரு பிடி எடுத்துப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை என் பை நிறைந்திருப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இரண்டு மாதம் கழித்து ஜெபமணி கோயில் வாசலில் என்னை நிறுத்தினாள்.

"அண்ணே, கையைக் காட்டுங்க."

காட்டினேன். மண்வெட்டி பிடித்த கை.

"இந்தக் கையாலயா அள்ளிப் போடுறீங்க? சாராள் கை இதுல பாதி. நீங்க பொங்கறதே ரெண்டு பிடி. அதுல ஒண்ணு போச்சுன்னா அது காணிக்கை இல்ல, பட்டினி."

"நேர்ந்துகிட்டது ஒரு பிடிதானேம்மா."

"அவ பிடியா, உங்க பிடியா?"

அவள் என் பைக்குள் தன் கையை விட்டு ஒரு பிடி எடுத்தாள். உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு சுண்டு விரலைக் கொஞ்சம் தளர்த்தி, சில அரிசிகளைப் பைக்குள்ளேயே உதிரவிட்டாள். "இப்பச் சரி. இதுதான் சாராள் கை" என்றாள். சாராளோடு கோயில் அடுப்பில் எத்தனையோ கஞ்சி காய்ச்சினவள். அளவு அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் அந்த அரிசியை முந்தானையில் வாங்குகிற மாதிரி வேட்டியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஒரு கொட்டாங்குச்சியில் போட்டு, அதன் மட்டத்தில் கரியால் கோடு போட்டேன்.

அந்த வாரம்தான் அவள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். கூப்பிட்ட விதத்தைச் சொல்ல வேண்டும். "வந்து சாப்பிடுங்க" என்று சொல்லவில்லை. "அண்டாவிலேருந்து அரிசியைத் தூக்கிட்டு வர ஆள் இல்லண்ணே, இடுப்பு வலிக்குது. கொண்டாந்து இறக்கிட்டு, இருக்கிறதைத் தின்னு காலி பண்ணிட்டுப் போங்க. வீணாப் போவுது" என்றாள். அன்று முதல் வாரா வாரம் மூட்டையைத் தோளில் தூக்கினேன். ஒருத்திக்கு உதவி செய்கிறோம் என்ற நினைப்பில் நன்றாகவே சாப்பிட்டேன்.

என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால், மற்றவர்கள் தூக்கிப் போடுவதைச் சாப்பிட்டோம். பீர்க்கங்காயின் தோல் துவையலாகும். தர்பூசணியின் வெள்ளைப் பகுதி கூட்டாகும். அரிசி கழுவிய நீர் குழம்புக்குப் போகும். தரங்கம்பாடியிலிருந்து கருவாடு கொண்டுவருகிற அம்மாளிடம் தலைகளை மட்டும் கேட்டு வாங்குவாள். கத்தரிக்காய்க் குழம்பு கொதித்ததும் மங்களத்தம்மாளுக்கு ஒரு கிண்ணம் மொண்டு வைத்துவிட்டுத்தான் கருவாட்டுத் தலையைப் போடுவாள். ஒரே அடுப்பு, ஒரே புளி, இரண்டு குழம்பு.

"எனக்கு மொண்ட பிறகு கரண்டியை மாத்துனியாடி?" என்று மங்களத்தம்மாள் ஒவ்வொரு வாரமும் கேட்பாள்.

"கரண்டியை மாத்துனேன், உங்க நாக்கைத்தான் மாத்த முடியல."

காதர் பாய் தட்டைப் பார்த்தபடி சிரிப்பார். அவருக்கு வந்து விழுகிற தலை எப்போதும் பெரியதாக இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

சாப்பாட்டுக்கு முன் ஜெபம் உண்டு. ஒரு முறை செல்லையா சாரைச் செய்யச் சொன்னாள். சார் உலகத்தில் உள்ள எல்லா நாடுகளுக்காகவும் வேண்ட ஆரம்பித்தார். சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஜெபமணி கண்ணை மூடியபடியே, "சார், மீதி நாடுகளுக்கு மோர் ஊத்தும்போது பாத்துக்கலாம்" என்றாள். சாருக்குக் கோபம். இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பிட மட்டும் வந்தார்.

வனாந்தரத்தில் ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த சம்பவம் அவளுக்குப் பிடிக்கும். ஆனால் அதில் அவள் பார்த்தது வேறு. "அப்பம் பெருகுனதை எல்லாரும் சொல்றாங்க. தின்னது போக மிச்சத்தைப் பொறுக்கச் சொன்னாரே, அதை யாரும் சொல்றதில்ல. அவர் நினைச்சா இன்னொரு தடவை பெருக்கியிருக்கலாம். பொறுக்கத்தான் சொன்னார்" என்பாள். இன்னொரு நாள், "அந்தக் கூடையெல்லாம் எங்கேருந்து வந்துச்சு? யாரோ ஒரு பொம்பளை வனாந்தரத்துக்கு வெறுங்கூடையோட வந்திருக்கா பாருங்க" என்றாள். இதற்கு எந்தப் போதகரும் எனக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

அடக்கத்துக்கு மறுநாள் நாங்கள் நாலு பேரும் அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். திருப்பூரிலிருந்து வந்திருந்த மகள் லில்லி எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். பேச்சு எப்படியோ தொடங்கியது.

"நான் மட்டும் வராம இருந்திருந்தா, அந்த அரிசி மூட்டையை எப்படித் தூக்கியிருப்பா?" என்று நான் சொன்னேன்.

"மூட்டை கிடக்கட்டும்ணே. சனிக்கிழமை திருகை சுத்துனது யாரு? கை வலிக்குதுன்னு என்னைத்தானே கூப்பிடும். அதுக்காகத்தான் நான் மறுநாள் சாப்பிடவே ஒத்துக்கிட்டேன்" என்றார் காதர் பாய்.

மங்களத்தம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "நாக்குல ருசியே தெரியல, நீங்க வந்து உப்புப் பாருங்கன்னு என்னைக் கெஞ்சினாடா. இல்லாட்டி நான் ஏன் அடுத்த வீட்டுல போயி சாப்பிடறேன்?"

செல்லையா சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அவங்களுக்குக் கண் சரியாகத் தெரியாது. சனிக்கிழமை சாயங்காலம் வேதம் வாசித்துக் காட்டுவேன். பார்வை போனவங்களுக்குச் செய்கிற ஊழியம் என்றுதான் போனேன்" என்றார்.

லில்லி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "அம்மாவுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியும் சார். போன மாசம் என் பிள்ளைக்குப் பட்டன் தைச்சாங்க. ஊசியில நூல் அவங்கதான் கோத்தாங்க" என்றாள். எங்கள் நாலு பேர் டீயும் ஏன் அப்படியே ஆறியது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை.

நான் அந்த இடுப்பை நினைத்தேன். போன வாரம்கூட அவள் குடத்தைத் தூக்கி வைத்ததை நானே பார்த்தேன். பார்த்தும் எனக்குத் தோன்றவில்லை.

செல்லையா சார் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, "அப்போ ஆறு வருஷம் எனக்குப் பிச்சை போட்டிருக்காங்க. அது தெரியாம நான் உட்கார்ந்து தின்னிருக்கேன். இனிமே என்னை யாரும் ஞாயித்துக்கிழமைன்னு கூப்பிட வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். கூப்பிட்டோம், திரும்பவில்லை.

எனக்குக் குழப்பமாகிவிட்டது. ஜெபமணி பொய் சொன்னாளா? பொய் என்றால் அது பாவம் அல்லவா? அவள் பாவம் செய்தாள் என்று நினைக்க எனக்கு வாய் வரவில்லை. பொய் இல்லை என்று சொல்லவும் வரவில்லை. போதகரிடம் போய்க் கேட்டேன். அவர் காதைச் சொறிந்தார். "பெரியவரே, அடக்க ஆராதனையில நான் அவங்களை 'உண்மையும் உத்தமமுமானவங்க'ன்னு சொல்லிட்டேனே" என்றார். அவருக்கும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு அண்டா நிறைந்தது. ஆராதனை முடிந்தும் யாரும் அதன் பக்கம் வரவில்லை. ஒருவர், "இனிமே அரிசி வேணாம், எல்லாரும் காசாக் கவர்ல போட்டுடலாம்" என்றார். இன்னொருவர் கோழிப்பண்ணைக்காரரின் பெயரைச் சொன்னார். நான் முந்திக்கொண்டு, "நான் எடுத்துக்கறேன்" என்றேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. சாராள் பிடியும் அதில் இருந்தது. அது ஒரு காரணமாக இருக்கலாம்.

லில்லியிடம் திருகையைக் கேட்டு வாங்கி, திங்கட்கிழமையே கொஞ்சம் உடைத்துப் பார்த்தேன். உடைத்தால் போதும் என்றுதானே அவள் சொன்னாள். உடைத்ததை அப்படியே உலையில் கொட்டினேன். சட்டியில் இருந்தது சோறு இல்லை. சுவரொட்டி ஒட்டப் பயன்படும். சட்டியைத் தூக்கிக்கொண்டு மங்களத்தம்மாளிடம் போனேன். அவள் கரண்டியை நட்டாள், கரண்டி நின்றது.

"வறுத்தியா?"

"வறுக்கணுமா?"

"சனிக்கிழமை சாயங்காலம் அவ வீட்டுலேருந்து வறுக்குற வாசனை என் வீடு வரைக்கும் வரும். உடைக்கிறதுக்கு முன்னாடியே வறுப்பா."

காதர் பாய் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். "மாவைச் சலிச்சீங்களாண்ணே? உடைச்சதும் சலிச்சு, மாவைத் தனியா எடுத்துடும். அதுல திங்கட்கிழமை கொழுக்கட்டை பண்ணி எனக்கும் ரெண்டு தரும்" என்றார்.

வறுக்க வேண்டும், சலிக்க வேண்டும். சரி. ஆனால் எவ்வளவு நேரம் வறுப்பது? குறைந்தால் ஒட்டும், கூடினால் கருகும். மங்களத்தம்மாள் கண்ணை மூடி யோசித்தாள். அவளுக்குத் தெரு முழுவதும் காதில் இருக்கும்.

"கரண்டி சத்தமும் சார் வாசிக்குற சத்தமும் ஒண்ணாக் கேக்கும். சார் நிறுத்தினா அவளும் இறக்கிடுவா. வாசிச்சு முடிக்காட்டி, 'போதும் சார்'ம்பா."

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு சட்டியோடு செல்லையா சார் வீட்டுக்குப் போனோம்.

சார் கதவைப் பாதி திறந்தார். "கூப்பிட வேணாம்னு சொன்னேனே" என்றார்.

"கூப்பிட வரல சார். இது சோறா, பசையான்னு பாத்துச் சொல்லுங்க. எனக்குச் சமைக்கத் தெரியல. உங்களைத் தவிர யாருக்கும் நேரம் தெரியாது" என்றேன். மங்களத்தம்மாள் சொன்னதையும் சொன்னேன்.

சார் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, "சின்ன அதிகாரமாப் பாருங்க சார்ம்பாங்க. புழுங்கல் ஜாஸ்தியா இருக்கு, இன்னிக்குக் கொஞ்சம் பெரிசா வாசிங்கன்னும் சொல்லியிருக்காங்க. பாதியில போதும்னா எனக்குக் கோவம் வரும். வேதத்தை நிறுத்தச் சொல்றாங்களேன்னு" என்றார். கதவை முழுவதும் திறந்தார். "கடிகாரம் பாக்கத் தெரியாதா அவங்களுக்கு?"

"தெரியும் சார். அது வீட்டுல சுவர்லேயே ஒண்ணு மாட்டியிருக்கு" என்றார் காதர் பாய்.

அங்கேதான் நான் இன்னும் நிற்கிறேன். கண் தெரிந்தவளுக்கு வாசித்துக் காட்ட ஒருவர் எதற்கு? சுவரில் கடிகாரம் இருக்கிறவளுக்கு அதிகாரக் கணக்கு எதற்கு? எங்களுக்காக இட்டுக்கட்டினாளா? அல்லது மகள் திருப்பூரில், வீட்டில் ஆள் இல்லை, சனிக்கிழமை சாயங்காலம் கரண்டிச் சத்தத்தோடு இன்னொரு சத்தமும் அவளுக்கு வேண்டியிருந்ததா? அப்படியானால் அவள் சொன்னது ஒன்றும் பொய் இல்லை. என்ன வலி என்பதை மட்டும் மாற்றிச் சொன்னாள். நான் இப்படி நினைக்கிறேன். சார் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அவர் இப்போது கோபமாக இல்லை. குழப்பமாக இருக்கிறார், என்னைப் போல.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது திருகையோ குழம்போ இல்லை. திருகை லில்லியுடையது; குழம்பு எனக்கு வராது. ஒரு ஆளிடம் போய், "எனக்கு இது முடியல, நீங்க வாங்க" என்று கேட்கிற வாய் மிஞ்சியிருக்கிறது. இத்தனை வயது வரை யாரிடமும் எதையும் கேட்டறியாதவன் நான். அதைக் கௌரவம் என்று நினைத்திருந்தேன். இந்த வாரம் மூன்று வீட்டு வாசலில் கேட்டுவிட்டேன். என்னைப் பொறுத்தவரை நான் பொய்யும் சொல்லவில்லை. எனக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாது.

சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டில் வறுக்கிறோம். சார் எந்த அதிகாரம் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இரண்டைக் குறித்து வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஐந்து தட்டு வைப்பதா, நாலு வைப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. ஐந்துதான் வைப்போம் என்று மங்களத்தம்மாள் சொல்கிறாள். நம் சபையில் தனியாகப் பொங்கித் தின்கிறவர் இன்னொருவர் இருந்தால், தயவு செய்து வந்து உப்புப் பார்த்துச் சொல்லுங்கள். மங்களத்தம்மாளுக்கு இப்போது நாக்கில் ருசி தெரியவில்லையாம். சோறு உதிரியாக வந்ததா, மறுபடி ஒட்டிக்கொண்டதா என்று அடுத்த வாரம் இதே பலகையில் எழுதி வைக்கிறேன்.

ஏசடியான்
கோயில் மணியடிப்பவர்